நிலவில் சொட்டும் பால்: 'தி லெட்டர்' படத்தைத் தோட்டத்திலிருந்து பார்த்தல்

மெர்போக் ஆறு கடலோடு கலக்கும் முகத்தில் நெத்திலிக்கும் கருவாட்டுக்கும் பெயர்பெற்ற மீன்பிடி ஊராக விளங்கும் தஞ்சோங் டாவாயிலிருந்து செமெலிங், பீடோங், சுங்கைப் பட்டாணி என்று உள்நாட்டை நோக்கிச் செல்லும் சாலைகளின் இருபுறமும் இன்று செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் மிகுந்திருந்தாலும், 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் கெடாவின் இத்தென்பகுதி ரப்பர்த் தோட்டங்களின் நிலமாகவே இருந்தது. அத்தோட்டங்களில் தமிழர் வெட்டிய பாலுக்கு உலகிலேயே பெரிய வாடிக்கையாளர் அமெரிக்கா. அமெரிக்கச் சாலைகளில் கார்கள் பெருகியபோது மலாயாவில் காடுகள் அழிந்து பால்மரங்கள் எழுந்தன. 1929க்குப் பின் அமெரிக்கப் பொருளாதாரம் சரிந்தபோது ரப்பர் விலையும் உடன் சரிந்து, ஆள்குறைப்பு நடந்து, பல்லாயிரம் தொழிலாளர்கள் கப்பலேற்றித் தமிழ்நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். ரப்பர் போன கடல்வழியே எதிர்த்திசையில் வந்த அமெரிக்கச் சரக்குகளில் திரைப்படமும் ஒன்று. ஆகவே பழைய ஹாலிவுட் படங்களின் தகுதியை எடைபோடும் உரிமை நியூயார்க்கிலும் பாரிஸிலும் இருந்த விமர்சகர்களோடு முடிந்துவிடுவதில்லை. அந்த வணிகத்தின் மறுமுனையில், மலேசியத் தமிழர் மங்கு என்று சொல்லும் பால் கிண்ணத்தை மரத்துக்கு மரம் கவிழ்த்தும் நிமிர்த்தியும் நடந்தவர்களுக்கும் அதில் பங்குண்டு.

செவ்வியல் ஹாலிவுட் என்று திரை வரலாற்றாளர் குறிப்பது, ஏறத்தாழ 1930களின் தொடக்கம் முதல் 1950களின் இறுதிவரை எம்.ஜி.எம்., வார்னர் பிரதர்ஸ், பாரமவுண்ட் முதலிய பெருநிறுவனங்கள் நடிகரையும் எழுத்தாளரையும் படப்பிடிப்புத் தளங்களையும், 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் குறுக்கிடும் வரை திரையரங்குகளையும், தம் கைக்குள் வைத்திருந்த ஏற்பாட்டை. அந்தக் காலத்துப் படங்களைப் பற்றித் தமிழில் நடந்துவரும் வாதம் பெரும்பாலும் இரண்டு நிலைகளில் நின்றுவிடுகிறது. கதையைச் சிக்கலின்றி நகர்த்துவதிலும் ஒளியமைப்பிலும் நடிப்பை அளந்து வாங்குவதிலும் அப்படங்கள் எட்டிய தேர்ச்சியைப் பின்வந்த எந்தத் திரையுலகமும் தாண்டவில்லை என்பது ஒரு நிலை. குரோசாவாவையும் பெர்க்மனையும் சத்யஜித் ராயையும் கொண்டாடிய சிறுபத்திரிகை மரபிலிருந்து வரும் மற்றொரு நிலை, அவை கனவுத் தொழிற்சாலையின் சரக்குகள், வெள்ளை நிறத்தின் உலகப் பார்வையைப் பரப்பியவை, அவற்றில் கலையைத் தேடுவது வீண் என்று சொல்லும். இவ்விரண்டுக்கும் நடுவே தழுவல் குற்றச்சாட்டு ஒன்று ஓயாமல் எழும்: 'நாடோடி மன்னன்' (1958) 'தி பிரிசனர் ஆஃப் ஜெண்டா'வுக்கு எவ்வளவு கடன்பட்டது, 'அன்பே வா' (1966) 'கம் செப்டம்பர்' படத்திலிருந்து எதையெல்லாம் எடுத்துக்கொண்டது என்று பட்டியல் போடுவதோடு அந்தப் பேச்சு முடியும். தமிழே அறியாத எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் 'சதி லீலாவதி' (1936) முதல் 'மந்திரி குமாரி' (1950) வரை இயக்கிய ஒரு திரையுலகத்தில், ஹாலிவுட்டை வெளியே நிற்கும் பொருளாகக் கருதி வழக்காடுவதே சற்று விநோதமானது.

பொதுப்படையாகப் பேசும்வரை இந்த வழக்கு தீராது. ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொண்டு, அதுவும் தமிழ்த் தோட்டத் தொழிலாளி நேரடிச் சாட்சியாக நிற்கத்தக்க ஒன்றை எடுத்துக்கொண்டு பார்ப்பதே பயன் தரும். வில்லியம் வைலர் இயக்கி, பெட்டி டேவிஸ் நடித்து, வார்னர் பிரதர்ஸ் 1940 நவம்பரில் வெளியிட்ட 'தி லெட்டர்' அத்தகைய படம். ரப்பர்த் தோட்ட துரையின் மனைவியான லெஸ்லி கிராஸ்பி, கணவன் வீட்டில் இல்லாத ஓர் இரவில் ஜெஃப் ஹாமண்ட் என்ற நண்பனைச் சுட்டுக்கொல்கிறாள். தன்னைப் பலவந்தப்படுத்த வந்தான் என்கிறாள். வெள்ளையர் சமூகம் முழுவதும் அவளை நம்புகிறது. அவளே அன்றைக்கு அவனை வரச்சொல்லி எழுதிய கடிதம் ஒன்று இறந்தவனின் மனைவியிடம் இருக்கும் செய்தியை, அவளுடைய வழக்கறிஞரின் எழுத்தராகப் பணிபுரியும் சீன இளைஞன் மிகுந்த பணிவோடு கொண்டுவந்து சேர்க்கிறான். கடிதம் பத்தாயிரம் டாலருக்கு விலைபேசி வாங்கப்படுகிறது, அவள் விடுதலையாகிறாள், கணவனின் சேமிப்பு கரைகிறது, உண்மை வெளிப்படுகிறது.

கதை மலாயாவில் உண்மையாக நடந்த ஒன்றை அடியொற்றியது. 1911 ஏப்ரலில் கோலாலம்பூரில், விக்டோரியா கல்விக்கூடத்தின் பொறுப்புத் தலைமையாசிரியரின் மனைவி எத்தல் பிரவுட்லாக், ஈயச் சுரங்க மேலாளரான வில்லியம் ஸ்டீவர்ட் என்பவரைத் தம் வீட்டுத் தாழ்வாரத்தில் சுட்டுக்கொன்றார். தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, சிலாங்கூர் சுல்தானின் மன்னிப்பால் உயிர் தப்பி இங்கிலாந்துக்குச் சென்றார். பத்தாண்டு கழித்து மலாயாவுக்கு வந்த சோமர்செட் மாம் அந்தச் செய்தியைச் சிறுகதையாக்கி, 1926இல் வெளிவந்த 'தி கேசுவரினா ட்ரீ' தொகுப்பில் சேர்த்து, மறு ஆண்டு நாடகமாகவும் ஆக்கினார். 1929இல் ஜீன் ஈகிள்ஸ் நடித்து ஒரு படம் வந்தது. அதில் சுடப்படும் காதலனாக நடித்த ஹெர்பர்ட் மார்ஷல், வைலரின் படத்தில் ஏமாற்றப்படும் கணவனாக நடித்தார் என்பது திரை வரலாற்றின் சிறு வேடிக்கை. ஈயச் சுரங்கத்தாரின் கதை ரப்பர்த் தோட்டத்துக்கு மாறியது மாமின் கைவேலை. வெள்ளையர் தனிமைக்கும் நிழலுக்கும் ஒழுங்கான வரிசைகளுக்கும் பால்மரக் காடு பொருத்தமான களம் என்பதை அவர் கண்டுகொண்டார்.

வைலரின் தொடக்கக் காட்சியே படத்தின் தகுதி பற்றிய வாதத்தில் முதலில் முன்வைக்கப்படுவது, அது நியாயமும்கூட. முழுநிலவு, வானத்தில் மேகம். பால்மரத்துப் பட்டையில் சாய்வாக வெட்டப்பட்ட கோட்டின் வழியே பால் வழிந்து மங்கில் சொட்டுகிறது. கேமரா மரத்தை விட்டு மெல்ல விலகி, ஓலைக் கொட்டகையின் கீழ்த் தொங்குபடுக்கைகளில் உறங்கும் தொழிலாளர்களின் உடல்களைத் தாண்டி, அவசரமே இல்லாமல் நகர்ந்து, துரை பங்களா தெரியும் இடத்துக்கு வருகிறது. ஒரு சொல்கூடப் பேசப்படுவதில்லை. திடீரென்று துப்பாக்கி வெடிக்கிறது. வெள்ளைக் கிளி ஒன்று சிறகடித்துப் பறக்கிறது. ஓர் ஆண் தாழ்வாரத்தில் தடுமாறி விழ, பின்னால் வரும் பெண் படியிறங்கியபடியே எஞ்சிய குண்டுகளையும் அவன்மேல் சுட்டுத் தீர்க்கிறாள். உறங்கியவர்கள் விழித்தெழுகிறார்கள். மேகம் நிலவை மூடி விலக, வெளிச்சம் அவள் முகத்தில் விழுகிறது. ஒளிப்பதிவாளர் டோனி காடியோவின் கறுப்பு வெள்ளை இங்கே வெறும் அழகுக்காக இல்லை. நிலவொளியே சாட்சியாகப் படம் முழுவதும் திரும்பத் திரும்ப வந்து, சன்னல் சட்டங்களின் நிழலைச் சிறைக் கம்பிகளைப் போல லெஸ்லியின் மேல் விழச்செய்கிறது. போருக்குப் பின் பிரெஞ்சு விமர்சகர்கள் 'நுவார்', அதாவது கருமை, என்று பெயரிட்டழைத்த குற்றப் படங்களின் ஒளிமொழி அதற்குச் சில ஆண்டு முன்பே இங்கு உருப்பெற்றுவிட்டது.

பால்வெட்டுத் தெரிந்தவர் ஒருவர் இக்காட்சியைப் பார்த்தால் முதல் நிமிடத்திலேயே தடுப்பார். நடு இரவில் பால் இப்படிச் சொட்டாது. இருள் பிரியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் கூட்டத்துக்கு, வந்து நின்று, விடியும் வேளையில் நிரையில் இறங்கிப் பால்வெட்டுவதுதான் தோட்ட வழக்கம். மரத்தினுள் நீரழுத்தம் மிகுந்திருக்கும் நேரம் அதுவே. வெயில் ஏறி இலைகள் நீரை இழக்கத் தொடங்கியதும் அழுத்தம் தணிந்து பால் ஓட்டம் குறைந்துவிடும். முற்பகலில் பால் சேகரித்து ஸ்டோருக்குப் போய்ச்சேர்ந்த பின், வெட்டுவாயில் எஞ்சியது காய்ந்து கோட்டுப்பாலாகும். மங்கில் பிந்திச் சொட்டியது அங்கேயே உறைந்து கட்டியாகும். மறுநாள் காலை அவற்றை உரித்தெடுத்த பிறகே கத்தி பட்டையில் படும். வைலரின் மரத்தில் நள்ளிரவில் ஒழுகும் வெண்பால், கலிஃபோர்னியாவின் படப்பிடிப்புத் தளத்தில் ஒழுகிய பால். குறை அதோடு நிற்பதில்லை. தொழிலாளர் குடியிருந்த லயங்கள், ஒரே கூரையின் கீழ்ச் சிறு அறைகளை வரிசையாகத் தடுத்துக் கட்டியவை. துரை பங்களாவோ அவற்றை விட்டு விலகி மேட்டில் நிற்கும். துரையின் தாழ்வாரத்துக்கு அருகே தொழிலாளர் படுத்துறங்கும் ஏற்பாட்டை எந்தத் தோட்ட நிருவாகமும் கனவிலும் அனுமதித்திராது. தோட்டத்தின் அமைப்பே அந்த இடைவெளியின்மேல் கட்டப்பட்டது.

இந்தத் தடையைத் தகவல் பிழை என்று ஒதுக்கிவிடுவது கலை விமர்சகரின் வழக்கம். அதையே பிடித்துக்கொண்டு படத்தைத் தள்ளிவிடுவது அரசியல் விமர்சகரின் வழக்கம். இரண்டும் அவசர முடிவுகள். மரம், பால், உறங்கும் தொழிலாளி, பங்களா, துப்பாக்கி என்ற வரிசையில் கேமரா நகர்கிறது. ரப்பர்த் தோட்டம் என்ற பொருளாதாரத்தைச் சுருக்கிச் சொல்ல விரும்பும் ஒருவர் இதைவிடச் சரியான வரிசையைக் கண்டுபிடிக்க முடியாது. பாலிலிருந்து பங்களாவும், பங்களாவிலிருந்து அதைக் காக்கும் துப்பாக்கியும் பிறப்பதையும், இவற்றுக்கு நடுவே களைத்துக் கிடக்கும் உடல்களையும் ஓர் உரையாடலும் இன்றி இரண்டே நிமிடத்தில் காட்டிவிடுகிற இக்காட்சி, கடிகாரப்படி பொய்யாக இருந்தும் கணக்குப்படி உண்மையாக இருக்கிறது. வைலர் தோட்டத்தை அறிந்தவர் என்பது இதற்குப் பொருளன்று. அல்சாஸில் பிறந்து, உறவினரான கார்ல் லெம்லியின் அழைப்பில் ஹாலிவுட்டுக்கு வந்து, ஒரே காட்சியை நாற்பது முறை எடுப்பவர் என்று நடிகர்களால் சபிக்கப்பட்ட அவருக்கு, பொருள்களை எந்த வரிசையில் கண்முன் வைப்பது என்பது தெரிந்திருந்தது. தெரிந்த அந்த ஒன்று அவர் அறியாத உண்மையை நோக்கி அவரை இட்டுச்சென்றது.

அப்படியானால் அந்தத் தொழிலாளர்கள் யார்? 1930களில் மலாயாவின் பெருந்தோட்டத் தொழிலாளருள் பெரும்பான்மையினர் தென்னிந்தியர். அவர்களுள் மிகப்பெரும்பாலோர் தமிழர். கூலி பற்றிய தகராற்றில் இந்திய அரசு 1938இல் உதவி பெற்ற குடியேற்றத்தை நிறுத்திய பின், 1940இல் தோட்டங்களில் இருந்தவர்கள் அங்கேயே காலூன்றிய குடும்பத்தினர். படத்தில் தமிழர் என்று அடையாளம் காணத்தக்க பாத்திரம் ஒன்றுகூட இல்லை. சீனருக்காவது எழுத்தர் ஓங் சீ செங் என்ற கூர்மையான பாத்திரம் கிடைத்தது; விக்டர் சென் யங் அப்பாத்திரத்தை, பணிவுக்குள் ஏளனத்தை ஒளித்து, அளவோடு நடித்தார். தமிழருக்கு அந்தத் தொங்குபடுக்கைகூட உரியதா என்பது ஐயமே. அந்தப் பால் யாருடைய கையால் வெட்டப்பட்டது என்ற கேள்வி வார்னர் தளத்தில் யாருக்கும் எழுந்ததாகத் தெரியவில்லை.

வைலரின் தகுதியைப் பற்றி மேற்கில் நடந்த வழக்கை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். பிரெஞ்சு விமர்சகர் ஆந்த்ரே பாஸின் 1948இல் எழுதிய நீண்ட கட்டுரையில், 'தி லிட்டில் ஃபாக்சஸ்' (1941), 'தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' (1946) ஆகிய படங்களை முன்னிறுத்தி வைலரை உயர்த்திப் பிடித்தார். ஆழ்குவியம் என்பது அவர் வாதத்தின் மையம்: கேமராவுக்கு மிக அருகில் உள்ளவரும் அறையின் மறுகோடியில் நிற்பவரும் ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரியும்படி படமெடுத்தால், எதைப் பார்ப்பது என்று தீர்மானிக்கும் சுதந்திரம் இயக்குநரிடமிருந்து பார்வையாளருக்கு மாறுகிறது என்றார். இருபதே ஆண்டில் காற்று திசை மாறியது. ஒரு படத்தின் உண்மையான ஆசிரியர் இயக்குநரே, அவருடைய தனி முத்திரை எல்லாப் படங்களிலும் தென்பட வேண்டும் என்ற கொள்கை பாரிஸின் இளம் விமர்சகர்களிடமிருந்து அமெரிக்காவுக்குச் சென்று, அங்கே ஆண்ட்ரூ சாரிஸ் 1968இல் வெளியிட்ட நூலில் இயக்குநர்களைத் தரம் பிரிக்கும் அளவுகோலாயிற்று. எந்தக் கதையைக் கொடுத்தாலும் செம்மையாகச் செய்து தந்த வைலரிடம் சொந்தப் பார்வை இல்லை என்று கருதிய சாரிஸ், வெளித்தோற்றத்தைவிட உட்சரக்குக் குறைந்தோர் என்ற வகையில் அவரைச் சேர்த்தார். தேர்ந்த கைவினைஞனுக்குக் கலைஞன் என்ற பெயர் தர மறுக்கும் இந்தப் பிடிவாதம், சிற்பியின் பெயர் தெரியாத கோயில்களுக்கு நடுவே வாழ்ந்த சமூகத்துக்கு அவ்வளவாக ஒட்டாதது. பாஸின் சொன்னதே இங்கு ஏற்புடையது, ஒரு திருத்தத்தோடு: பார்வையாளருக்குத் தரப்பட்ட சுதந்திரத்தை எல்லாப் பார்வையாளரும் ஒரேமாதிரி பயன்படுத்துவதில்லை. பாரிஸில் இருந்தவர் பெட்டி டேவிஸின் முகத்தைப் பார்ப்பார். பீடோங்கில் இருந்தவர் மங்கைப் பார்ப்பார்.

அப்படிப் பார்ப்பவருக்குப் படத்தின் இரண்டாவது உச்சம் கடிதம் கைமாறும் இடத்தில் வாய்க்கிறது. இறந்தவனின் மனைவி, லெஸ்லியே நேரில் வந்து கடிதத்தைப் பெறவேண்டும் என்று நிபந்தனை விதிக்கிறாள். சீனர் பகுதியின் கடைக்குப் பின்புறத்து அறையில், மணித்திரையை விலக்கிக்கொண்டு வந்து, ஒரு மேட்டில் அசையாமல் நிற்கிறாள். லெஸ்லியின் தலையை மூடியிருக்கும் துணியை நீக்கச் சொல்கிறாள். அருகே வரச் செய்கிறாள். கடிதத்தை நீட்டாமல் தரையில் நழுவ விடுகிறாள். துரைசானி குனிந்து பொறுக்கியெடுக்க வேண்டியிருக்கிறது. கேல் சாண்டர்கார்ட் என்ற வெள்ளை நடிகை, கண்ணோரங்களை ஒப்பனையால் மாற்றிக்கொண்டு ஆசிய இரத்தக் கலப்புள்ளவளாக நடிப்பது இன்று பார்ப்பவருக்குக் கூச்சத்தைத் தரும். அந்தப் பாத்திரம் மர்மமும் வன்மமும் கலந்த கீழைத்தேயப் பொம்மையாகவே வார்க்கப்பட்டிருக்கிறது என்பதையும் மறுப்பதற்கில்லை. அவ்வளவு குறைகளோடும் அந்தக் குனிவு திரையில் நிகழ்கிறது. மலாயாவின் வெள்ளையர் சமூகம் எதை அடித்தளமாகக் கொண்டு நின்றதோ, அதாவது யார் யாருக்கு முன் குனிவது என்ற விதியை, வைலர் சில நொடிகளுக்குத் தலைகீழாக்கிக் காட்டினார்.

இந்த விதி கற்பனையன்று என்பதற்கு, படம் வெளிவந்த சில மாதங்களில் மலாயாவிலேயே சாட்சி கிடைத்தது. 1941இன் முற்பகுதியில் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். கூலி உயர்வு, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்துதல் ஆகியவற்றோடு, துரைமார்களுக்கும் தோட்ட அலுவலர்களுக்கும் முன்னால் மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமையும் அவர்களுடைய கோரிக்கைகளுள் ஒன்று. தலைவர்களுள் ஒருவரான ஆர்.எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார், துருப்புகள் வரவழைக்கப்பட்டன, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் இறந்தனர். போருக்குப் பின் 1947இல் கெடாவில் ஹார்வர்ட் தோட்டத்தைச் சேர்ந்த ஏ.எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை திரண்டு, பீடோங்கில் கள்ளுக்கடை எதிர்ப்பு மறியல் நடத்திக் காவல்துறையின் தாக்குதலுக்கு ஆளானது. குனிய மறுத்தல் என்ற அந்த நாடகம் தோட்டங்களில் நடந்துகொண்டிருக்க, அதன் ஒரு நொடி மட்டும் ஆள்மாறி, இனம்மாறி, காதல் வழக்கு என்ற வேடத்தில் கலிஃபோர்னியாவில் பதிவாயிற்று.

தோட்டத்தைக் களமாகக் கொண்ட மற்ற அமெரிக்கப் படங்களில் இந்தக் கூர்மை இல்லை. விக்டர் ஃபிளெமிங்கின் 'ரெட் டஸ்ட்' (1932) இந்தோசீன ரப்பர்த் தோட்டத்தில் நடப்பது. பாலை உறையவைக்கும் முறையைக் கிளார்க் கேபிள் ஒரு பெண்ணுக்கு விளக்கிக் காட்டும் இடம் அதில் உண்டு. கூலிகளைப் பற்றிய அதன் பேச்சு சகிக்க முடியாதது. எலிசபெத் டெய்லர் நடித்த 'எலிஃபண்ட் வாக்' (1954), இலங்கையிலேயே வெளிப்புறக் காட்சிகள் எடுக்கப்பட்ட தேயிலைத் தோட்டப் படம். 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர் நாடற்றவராக்கப்பட்டிருந்த அந்த ஆண்டுகளில், யானைகளின் வழித்தடத்தை மறித்துக் கட்டிய பங்களாவுக்கு யானைகளால் நேரும் அழிவு மட்டுமே அதற்குச் சோகமாகத் தோன்றியது. கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க மலாயாவில் அறிவிக்கப்பட்ட அவசரகாலத்தைப் பற்றிய 'தி பிளாண்டர்ஸ் வைஃப்' (1952) பிரிட்டிஷ் தயாரிப்பானாலும், அமெரிக்க நட்சத்திரம் கிளாடெட் கோல்பெர்ட்டை வைத்து அமெரிக்க அனுதாபத்தைக் குறிவைத்த படம். நடனக் கலைஞர் ராம் கோபாலுக்கு அதில் நாயர் என்ற சிறு வேடம் கிடைத்தது, தோட்டத் தமிழருக்கு அதுவும் இல்லை. இவற்றைத் தொழில்நுட்பத்தின் பெயரால் காப்பாற்ற முயல்வது தேவையற்றது. தகுதி என்பது காலத்தாலோ நட்சத்திரத்தாலோ வந்துவிடுவதில்லை.

தோட்டத்து மக்கள் படம் பார்த்த விதமும் இந்த வாதத்துக்குப் புறம்பானதன்று. 1946இல் தொடங்கப்பட்ட மலாயன் ஃபிலிம் யூனிட் தயாரித்த செய்தி, பிரசாரப் படங்கள் தமிழ் விளக்கவுரையோடும் வந்தன. அவசரகால ஆண்டுகளில் அரசின் திரைப்பட வண்டிகள் தோட்டங்களைச் சுற்றின. நிருவாகமும் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போட்டது. துணியின் முன்புறம் இடமில்லாதவர்கள் பின்புறம் அமர்ந்து, எல்லாம் இடவலமாகப் புரண்டு தெரியும் பிம்பத்தைப் பார்த்தார்கள். மொழி புரியாத படத்தைச் செயலை வைத்தும் முகத்தை வைத்தும் வரிசையை வைத்தும் விளங்கிக்கொள்ளும் பழக்கம் அங்கே வளர்ந்தது. 'தி லெட்டர்' போன்று, ஒரு சொல்லும் இல்லாமல் கதையைத் தொடங்கும் படத்தை மதிப்பிட அதைவிடப் பொருத்தமான பயிற்சி இல்லை.

தமிழ்ப் படங்களில் இதற்கு மிக அருகில் வருவது எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' (1954). ஏ.வி.எம். தயாரித்த அப்படமும் துப்பாக்கி வெடிப்போடு தொடங்குகிறது. சிவாஜி கணேசன் நடித்த நாயகன் தொடக்கத்திலேயே விழுந்து இறக்கிறான். துப்பாக்கி மனைவியின் கையில் இருந்தது என்பது முடிவில் தெரியவருகிறது. பாட்டே இல்லாத முதல் தமிழ்ப் படம் என்று பேசப்பட்டு, வசூலில் தோற்றது. வைலர் கொலையாளியை முதல் நிமிடத்தில் காட்டிவிட்டுக் காரணத்தை மறைக்கிறார். பாலசந்தர் கொலையாளியையும் மறைத்து, ஆளுக்கொரு கதை சொல்ல வைக்கிறார். அமெரிக்க ஒளிமொழியையும் குரோசாவாவின் 'ரஷோமோன்' தந்த கட்டமைப்பையும் உள்வாங்கி, சென்னையில் ஜப்பானியக் குண்டு விழுந்த காலத்துப் பயத்தில் அவர் அதைப் பொருத்தினார். கொன்ற மனைவியை மன்னிப்பதற்குத் தமிழ்ப் படத்துக்கு நாட்டுப்பற்று என்ற காரணம் தேவைப்பட்டது. கணவன் தேசத்துரோகியாக இருந்தாலொழிய அவள் கையில் துப்பாக்கி நியாயப்படாது. இவ்வகையில் தமிழுக்கும் ஹாலிவுட்டுக்கும் இடையே பெரிய தூரமில்லை.

ஏனெனில் வைலரின் படத்தைக் கெடுத்ததும் அதேபோன்ற ஒழுக்கக் கணக்குதான். ஹேஸ் விதி என்று வழங்கும் தயாரிப்பு நெறிமுறை 1930இல் எழுதப்பட்டு, 1934 முதல் ஜோசப் பிரீன் என்பவரின் தலைமையில் கண்டிப்பாகச் செயற்படுத்தப்பட்டு, 1968இல் தரச்சான்று முறை வரும் வரை அமெரிக்கப் படங்களை ஆண்டது. அரசுத் தணிக்கைக்கு இடம் தராமலிருக்கத் திரைத்தொழில் தனக்குத்தானே போட்டுக்கொண்ட விலங்கு அது. குற்றம் செய்தவர் தண்டனை பெறாமல் படம் முடியக்கூடாது. வெவ்வேறு இனத்தார் திருமணமின்றிக் கூடி வாழ்வதைக் காட்டக்கூடாது. மாமின் கதையில் ஹாமண்டோடு வாழ்ந்த சீனப்பெண், படத்தில் கலப்பினத்து மனைவியானது இதனால். விதி கண்டிப்பாவதற்கு முன் வந்த 'ரெட் டஸ்ட்' படத்தில் ஜீன் ஹார்லோ நடித்த விலைமகள் தண்டனை ஏதுமின்றிக் கேபிளோடு சேர்ந்துவிடுகிறாள். எட்டு ஆண்டு கழித்து லெஸ்லிக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. நாடகத்தில் அவளுக்குக் கிடைத்த தண்டனை உயிரோடிருப்பதுதான். தான் கொன்றவனையே இன்னும் முழு மனத்தோடு நேசிப்பதாகக் கணவனிடம் சொல்லிவிட்டு, அவனோடு அந்தத் தோட்டத்திலேயே எஞ்சிய காலத்தைக் கழிக்க வேண்டிய நிலை, தூக்கைவிடக் கொடியது. படத்திலோ அந்த வாக்குமூலத்துக்குப் பின் அவள் நிலவொளித் தோட்டத்துக்குள் இழுக்கப்படுவதுபோல நடந்துசென்று, ஹாமண்டின் மனைவியின் கத்திக்கு இரையாகிறாள். கொலைக்குக் கொலை தண்டிக்கப்பட வேண்டும் என்பதால், கொன்றவளைப் பிடிக்க ஒரு காவலரும் இருளிலிருந்து தயாராக வந்து நிற்கிறார். தொடக்கத்தில் மரத்திலிருந்து பங்களா வரை தன் போக்கில் நகர்ந்த கேமரா, முடிவில் விதியேட்டின் பின்னால் நடக்கிறது. ஏழு ஆஸ்கர் பிரிவுகளுக்குப் பரிந்துரைக்கப்பட்ட படத்துக்கு ஒரு விருதும் கிடைக்கவில்லை. முடிவை வைத்துப் பார்த்தால் அதில் வருந்த அதிகமில்லை.

அந்த வாக்குமூலத்தை எப்படிச் சொல்வது என்பதில் டேவிஸுக்கும் வைலருக்கும் பெரும் சச்சரவு நிகழ்ந்தது. எந்தப் பெண்ணும் இப்படியொரு சொல்லைக் கணவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல மாட்டாள் என்றார் டேவிஸ். பார்த்துத்தான் சொல்லவேண்டும் என்றார் வைலர். டேவிஸ் படப்பிடிப்பை விட்டு வெளியேறி, பின் திரும்பிவந்து, இயக்குநர் சொன்னபடியே நடித்துக் கொடுத்தார். தம் கருத்தே சரி என்று பின்னாளில் தன்வரலாற்றில் எழுதினார். படத்தைப் பார்த்தால் வைலர் பக்கமே நியாயம் இருப்பது தெரியும். உண்மையைச் சொல்லும் அந்த முகத்தில் வருத்தமோ பணிவோ இல்லை. படம் முழுவதும் லேஸ் பின்னிக்கொண்டே பொய் பின்னிய பெண் முதன்முறையாகக் குனியாமல் பேசுகிறாள். பழைய ஹாலிவுட்டின் தகுதிக்கு ஆதரவாகச் சொல்லத்தக்க எல்லாம் அந்த ஒரு நெருக்கக் காட்சியிலும் தொடக்கத்து இரண்டு நிமிடத்திலும் இருக்கிறது. எதிராகச் சொல்லத்தக்க எல்லாம் இவ்விரண்டுக்கும் வெளியே கிடக்கிறது. இன்று இப்படத்தைப் பார்க்க விரும்பும் வாசகர் தொடக்கத்தை இருமுறை பார்க்கட்டும், முதல்முறை லெஸ்லிக்காகவும் மறுமுறை உறங்கிக் கிடப்பவர்களுக்காகவும். வாக்குமூலம் முடிந்ததும் நிறுத்திவிடட்டும். அதன்பின் வருவது பிரீன் அலுவலகத்தின் படம்.